காமன் கூத்தும் சிறுவர் உள்ளமும்

ஒரு சிறுவனை இரவு எட்டு மணிக்குமேல் விழித்திருக்கச் செய்வது எளிய செயலன்று. பாடப் புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் ஏழரை மணிக்கே அவன் கண்கள் செருகிவிடும். அந்தச் சிறுவனே மாசி மாதத்துப் பனியில், நாலாயிரம் ஐயாயிரம் அடி உயரத்து மலையிலே, சாக்கு ஒன்றை விரித்துக் கம்பளியால் போர்த்துக்கொண்டு, கோழி கூவும் வரையில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அவனை அவ்வாறு உட்கார வைத்த பொருள் யாது என்று ஆராய்வது பயனுடையது. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக ஆடப்பெற்று வந்த காமன் கூத்தையே குறிப்பிடுகிறேன். அக்கூத்தின் சமயப் பொருளையும் அதன் தொன்மையையும் பற்றிப் பேசத் தகுதியுடையோர் பலர் உளர். யான் பேச முற்படுவது சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த சிறுவனைப் பற்றி மட்டுமே.

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்தரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்காகத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் வரத் தொடங்கிவிட்டனர். அவர்கள் கொண்டுவந்த மூட்டைகள் மிகச் சிறியவை. மூட்டையில் அடங்காத பொருளை நினைவிலே சுமந்து வந்தனர். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் மூன்று பெருங்கூத்துகளும் அவ்வாறு வந்தவையே. மூன்றின் கதைப் போக்கையும் சற்று உற்று நோக்கினால் ஓர் ஒற்றுமை தெரியவரும். அருச்சுனன் பாசுபதம் என்னும் படைக்கலத்தை நாடித் தனியே புறப்படுகிறான். ஓங்கிய மரமொன்றின்மேல் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறான். பொன்னரும் சங்கரும் காட்டிலே கொம்பன் என்னும் பெரும்பன்றியை வேட்டையாடுகின்றனர். மன்மதனோ யோகத்தில் அமர்ந்த சிவபெருமானை எழுப்பச் செல்கிறான். வீட்டைவிட்டு ஒருவன் புறப்படுகிறான், போகாதே என்று ஒருவர் தடுக்கின்றார், அவன் போகிறான். சிறுவர் கதை என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு இலக்கணம் உண்டோ என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் இவற்றுள் ஒன்றேனும் சிறுவர்க்கென்று ஆக்கப்பட்டதன்று.

காமன் கூத்து ஓர் இரவில் முடிந்துவிடும் காட்சியன்று. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை தோன்றும் நாளில், தோட்டத்தின் பொதுவிடமொன்றில் காமன் கம்பம் ஊன்றப்படும். அவ்விடத்திற்குக் காமன் பொட்டல் என்று பெயர். அன்று தொடங்கி, மாலை தோறும் தப்பு முழங்கும். பாடல்கள் பாடிப் பழகப்படும். பிறையோடு கூத்தும் வளரும். நிறைமதி நாளில் இரவு முழுவதும் கூத்து நிகழ்ந்து, மன்மதன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுவான். ஆகவே சிறுவனுக்கு அஃது ஏறத்தாழ இரண்டு வாரக் காலத்து எதிர்பார்ப்பு. நாட்காட்டி இல்லாத லயங்களில் நிலவே நாட்காட்டியாயிற்று. நாங்கள் நாள்தோறும் இஸ்தோப்பில் நின்று பிறையை அளந்தோம். பெரியோர் கேட்டால் வைக்கோலும் விறகும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு சுள்ளியேனும் கொண்டுபோய்ப் போட்ட சிறுவனுக்கு அந்தக் கூத்து அயலார் கூத்தாக இராது.

நிறைமதி நாளின் இரவைக் கூறுவேன். பெற்றோல்மாக்ஸ் விளக்கொன்றோ இரண்டோ பொட்டலில் எரியும். அவ்வொளி வட்டத்துக்கு வெளியே, தேயிலை மலை கரிய நீராய்ப் பரந்து கிடக்கும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலே இருந்தோர்க்கு மற்றுமொரு காட்சி உண்டு. அது சிவனொளிபாத மலையின் யாத்திரைப் பருவமாதலால், மலையுச்சி வரையில் ஏறிச்செல்லும் விளக்குவரிசை இருட்டிலே தொங்குவதுபோலத் தெரியும். கூத்திலே கயிலை என்று பாடும்பொழுது எங்களுள் ஒருவனும் ஐயுறவில்லை. கயிலை அங்கேயே இருந்தது.

ஒரு புறத்தே வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவர். தோல் சூடேறி இறுகும்; விரலால் தட்டிப் பார்ப்பர்; போதாது என்று மீண்டும் காட்டுவர். அந்தச் சிறிய ஆயத்தம் சிறுவர் நெஞ்சிலே எத்துணை வேலை செய்தது என்பதைச் சொல்லி விளக்க இயலாது. பின்பு இரதியும் மதனும் வருவர். இரதியாக வேடம் புனைபவரும் ஆடவரே. நோன்பிருந்து வேடம் பூண்ட பின்பு அவ்விருவரையும் மனிதராகக் கருதுவது வழக்கமில்லை. அவர்கள் லயம் லயமாகச் செல்வர். வாசல்தோறும் நிறைகுடம் வைத்து வணங்குவர். நேற்று எங்களோடு பீலிக்கரையில் குளித்த அண்ணனை இன்று எங்கள் தாயார் கைகூப்பி வணங்கக் கண்டோம்.

நள்ளிரவுக்குப் பின்னரே அச்சம் வரும். தப்பின் அடி மாறும். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கலவரம் எழும். வீரபத்திரர் வருகிறார்! முகமெங்கும் செம்மை, வாயிலே கோரைப் பற்கள், இடுப்பிற் கட்டிய துணியை இருவர் பின்னேயிருந்து இழுத்துப் பிடிக்கவும் அடங்காமல் பாய்ந்து வருகிற ஓர் உருவம். சிறுவர் கூட்டம் சிதறும். நானும் என் அப்பாயியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அவர் என் காதருகே குனிந்து, "ஏண்டா பயப்புடுற? நம்ம பெரியப்பாதானே!" என்பார். ஆம், அவர் என் பெரியப்பாவே. அதை நான் அறிவேன். அறிந்தும் நடுங்குவேன். அவ்விரண்டையும் ஒரே கணத்தில் உணர்வதிலேதான் அந்த இன்பம் முழுவதும் அடங்கியிருந்தது என்று இப்பொழுது எண்ணுகிறேன். பெரியப்பா என்று அறியாதிருந்தால் அது வெறும் பேரச்சமாயிருக்கும். பெரியப்பா மட்டுமே என்றிருந்தால் நான் உறங்கிப் போயிருப்பேன்.

இக்கருத்து எனக்குத் தெளிவானது தொலைதூரத்து எடுத்துக்காட்டு ஒன்றினால். 1987 முதல் 1994 வரையில் பிரித்தானியாவில் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் சிறுவர்க்கென ஒரு விளையாட்டுத் தொடர் நிகழ்ந்தது. ஆங்கிலியா தொலைக்காட்சியார் தயாரித்த அதனை ஆக்கியவர் டிம் சைல்ட். நைட்மேர் என்பது அதன் பெயர். வீரன் என்பதையும் தீக்கனவு என்பதையும் ஒருங்கே நினைவூட்டும் சிலேடை. பள்ளிச் சிறுவர் நால்வர் ஓர் அணியினர். அவருள் ஒருவன் தலையில் ஒரு கவசத்தை அணிவான். அணிந்தபின் தன் காலடியைத் தவிர வேறொன்றையும் அவன் காணமாட்டான். எஞ்சிய மூவர் திரையொன்றைப் பார்த்துக்கொண்டு, இடப்பக்கம் ஒதுங்கு, இரண்டடி வை, நில் என்று கூறி அவனை நடத்துவர். உண்மையிலே அவன் நடந்தது நீலநிறம் பூசிய வெற்று அறையில். ஓவியர் தீட்டிய குகைகளையும் பாலங்களையும் அந்நீலத்தின்மேல் பொருத்திக் காட்டியது பொறிநுட்பம். இருட்குகையின் தலைவராக ஹ்யூகோ மையட் என்னும் நடிகர் தோன்றினார்.

அந்நாட்டவர் இன்றும் அத்தொடரை ஏக்கத்தோடு நினைவுகூர்வதுண்டு. காரணம் கேட்டால், அந்நாளில் புதுமையாயிருந்த பொறிநுட்பத்தைச் சிலர் சுட்டுவர். அது போதிய காரணமன்று. நுட்பம் பழையதாகிவிட்டது, இன்றைய சிறுவன் கையிலிருக்கும் தொலைபேசி அதனினும் நூறு மடங்கு செய்யும். கவர்ச்சி வேறிடத்தில் இருந்தது. முதலாவது, அங்கே ஒருவன் கண்ணற்றவனாகவும் மூவர் காலற்றவராகவும் இருந்தனர். நண்பன் சொல்லை நம்பியே ஒருவன் அடியெடுத்து வைக்க வேண்டும். சொல்கிறவனோ வலத்தையும் இடத்தையும் மாற்றிச் சொல்லிவிட்டால் நண்பன் பாதாளத்தில் விழுவான். வீட்டிலே பார்த்திருந்த சிறுவர்கள் திரையை நோக்கிக் கூச்சலிட்டதில் வியப்பில்லை. இரண்டாவது, அங்கே தோல்வி மெய்யான தோல்வியாயிருந்தது. எட்டு ஆண்டுகளில் எட்டே அணிகள் இறுதிவரை சென்று வென்றன. ஏனையோர் அனைவரும் தோற்றனர். பரவாயில்லை, நீயும் நன்றாகவே ஆடினாய் என்று ஆறுதற் பரிசளித்து விதியைத் தளர்த்தவில்லை. சிறுவர்களுக்கு நீதியில் மிகுந்த பற்று உண்டு. தங்களுக்காக விதியை வளைப்பவரை அவர்கள் அன்புடையவர் என்று கருதுவதில்லை. தங்களைச் சிறியவராக எண்ணுபவர் என்றே கருதுகின்றனர்.

அந்தத் தொடருக்கும் காமன் பொட்டலுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டிலும் சிறுவன் கண்டது ஒன்றே. இங்கும் விதி வளையாது. இரதி தீக்கனவு கண்டு கலங்குகிறாள். போகவேண்டா என்று தடுக்கிறாள். மதன் தன் கரும்பு வில்லின் பெருமையைப் பாடுகிறான். இருவருக்குமிடையே தருக்கம் நீள்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அவன் போகிறான். ஒவ்வோர் ஆண்டும் எரிகிறான். இவ்வாண்டாவது இரதியின் சொல்லைக் கேட்பானோ என்று நான் ஒவ்வொரு முறையும் எண்ணியதுண்டு. முடிவு தெரிந்த கதையில் ஆவல் குன்றும் என்போர் சிறுவரை அறியாதவர். கூச்சலிட்டுத் தடுக்க விரும்பினோம். எங்களுள் ஒருவன், "போகாத அண்ணே!" என்று கூவியும் விட்டான். பெரியவர் எவரும் அவனை அதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

பின்னர் நெற்றிக்கண் திறக்கும். சில இடங்களில் கயிற்றின் வழியே வாணத்தை ஓடவிட்டுக் கம்பத்தைக் கொளுத்துவதுண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் இருட்டு முழுவதும் செம்மையாகிவிடும். அதன் பின்பு தப்பு அடங்கி, இரதியின் ஒப்பாரி எழும். அவ்வொப்பாரியில் கூத்துக்காரர் அல்லாத குரல்களும் கலக்கும். மலையிலே மழையில் நனைந்தும் அட்டை கடித்தும் அழாத எங்கள் தாய்மார் அங்கே அழுதனர். எதற்கென்று எங்களுக்கு அப்பொழுது விளங்கவில்லை. மன்மதனுக்காக மட்டும் அவர்கள் அழவில்லை என்பதை மட்டும் உணர்ந்தோம்.

புதிரும் வினாவும் இத்தகைய விளையாட்டுகளில் எங்ஙனம் வந்து சேர்கின்றன என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன். அந்த ஆங்கிலத் தொடரில், சுவரிலே முளைத்த பெருமுகமொன்று விடுகதைகள் கேட்கும். விடை சொன்னாலன்றி வழி கிடையாது. நம் பக்கத்திலே, தஞ்சை வட்டாரத்துக் காமன் பண்டிகையில், எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து லாவணி பாடுவர். காமன் எரிந்தானென்று ஒருவர் நாட்ட, எரியவில்லையென்று மற்றவர் மறுத்து, இடையிடையே புராண வினாக்களைத் தொடுத்து ஒருவரையொருவர் மடக்குவர். விடை தெரியாதவர் அவையிலே தலைகுனிவர். மலைநாட்டில் அப்போட்டி அவ்வளவு ஓங்கவில்லையாயினும், இரதி மதன் தருக்கத்திலே அதன் சாயலைக் காணலாம். மறுநாள் நாங்களும் பீலிக்கரையில் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினோம். எரியாத கட்சிக்கு எப்பொழுதும் ஆள் மிகுதி.

இனி, என் நெஞ்சில் ஆழப் பதிந்த செய்தி ஒன்றுண்டு. அது கூத்திலே நிகழ்ந்ததன்று. மறுநாள் காலையில் நிகழ்ந்தது. விடிந்தவுடன் பிரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டிப் பெயர் வாசிப்பது தோட்டத்து முறை. இரவு முழுவதும் ஆடிய பெரியப்பா சிறிது பிந்தி வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார், காதுமடலின் பின்னே செம்மை மட்டும் எஞ்சியிருந்தது. களத்திலே நின்ற அதிகாரி ஒருவர், அவர் வயதுக்கு ஒவ்வாத சொல்லால் அவரை விளித்து, அரைப் பெயரே கிடைக்கும் என்றார். பெரியப்பா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஆறு நாழிகைக்கு முன் இருவர் இழுத்துப் பிடித்தும் அடங்காத தோள்கள் அவை. நான் இஸ்தோப்பிலிருந்து அதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மனிதர் வீரபத்திரரை இன்னும் அறிந்துகொள்ளவில்லை என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. நாளின் ஒவ்வொரு மணிநேரமும் பிறர் கட்டளையால் அளக்கப்பட்டது. அங்கே வளர்ந்த சிறுவனுக்குத் தன் வீட்டார் எமனாகவும் நந்தியாகவும் தூதனாகவும் நின்ற இரவு எதைக் கொடுத்திருக்கும்? பிரித்தானியச் சிறுவனுக்கு அந்தக் குகை, பள்ளி விட்டு வந்தபின் ஓர் அரைமணிநேரக் களிப்பு. தோட்டத்துச் சிறுவனுக்குப் பொட்டல் அதனின் வேறானது. தன் தந்தைக்கு மற்றொரு பெயர் உண்டென்பதற்கு அதுவே சாட்சி.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது பின்னர் 1974 இல் தீர்மானிக்கப்பட்டது. இவ்வெண்கள் வரலாற்று நூல்களில் உள்ளன. ஒரு கூத்துக்குழுவிலே அவை எவ்வாறு கணக்கிடப்பட்டன என்பது நூல்களில் இல்லை. எங்கள் தோட்டத்தில் இரதிக்கு இந்தியா கிடைத்தது. மதனுக்கு இலங்கை கிடைத்தது. இரதியாக ஆடிய அண்ணன் தம் பெற்றோருடன் ஹற்றனில் கோச்சி ஏறித் தலைமன்னார் வழியே போய்விட்டார். பாட்டுக் கொப்பி அவருடைய தகரப் பெட்டிக்குள்ளேயே போயிற்று. தெரிந்து கொண்டுபோனாரோ தெரியாமலோ, அறியேன்.

மறுமாசியில் காமன் ஊன்றுவதா வேண்டாவா என்று பெரியவர்கள் கூடிப் பேசினர். இரதியின் பாட்டு முழுவதும் அறிந்தவர் எவருமில்லை. ஆளுக்கு ஓரிரு அடிகளே நினைவிருந்தன. அப்பொழுது பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தனக்கு எல்லாம் தெரியும் என்றான். முன்பொருநாள், போகாதே என்று கூவிய அவனே. எவரும் அவனுக்குக் கற்பித்ததில்லை. எட்டு ஆண்டுகளாகச் சாக்கின்மேல் உட்கார்ந்து பார்த்ததே அவன் கற்றது. சோதித்துப் பார்த்தனர். இரண்டிடத்தில் மட்டும் தடுமாறினான். அவ்விடங்களைக் கிழவியர் இருவர் எடுத்துக்கொடுத்தனர். அவ்வாண்டு காமன் எரிந்தான்.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கப்பெற்றது. பின்னர்த் தோட்டங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன. இளைஞர் கொழும்பில் வேலை தேடிச் செல்லலாயினர். கூத்து அருகியதற்குத் தொலைக்காட்சியே காரணம் என்று கூறுவது எளிது. நான் அதை முற்றும் ஏற்பதில்லை. ஆடுவதற்கு ஆளும் ஆயத்தத்திற்கு நாளும் இல்லாமற் போனதே பெருங்காரணம். இன்றும் சில தோட்டங்களில் காமன் ஊன்றுகின்றனர். ஊன்றும் இடங்களில் சிறுவர் கூட்டத்துக்குக் குறைவில்லை.

நல்லெண்ணம் உடையவர் சிலர் இதனைச் சிறுவர்க்கு ஏற்றவாறு சுருக்கி மேடையேற்றுகின்றனர். அவர்கள் முயற்சியை இகழ்வது என் நோக்கமன்று. கலை முற்றிலும் மறைவதைக் காட்டிலும் மேடையிலேனும் வாழ்வது நன்று. ஆயின், அவர்கள் எவற்றை நீக்குகின்றனர் என்று பாருங்கள். சிறுவர் அஞ்சுவர் என்று வீரபத்திரரை அடக்குகின்றனர். துயரம் வேண்டா என்று ஒப்பாரியைக் குறைக்கின்றனர். நேரமில்லை என்று தருக்கத்தை வெட்டுகின்றனர். மின்விளக்கால் இருட்டைப் போக்குகின்றனர். எஞ்சுவன பட்டாடையும் ஒப்பனையும் ஆட்டமும். அந்த அரைமணிநேரத்தில் சிறுவன் கொட்டாவி விட்டால், இக்காலப் பிள்ளைகளுக்குக் கலையில் நாட்டமில்லை என்று குறைகூறுகின்றனர். சிறுவனை விழித்திருக்கச் செய்தவை எவையோ அவற்றையெல்லாம் எடுத்துவிட்டபின் அவன் உறங்காமல் வேறு என்ன செய்வான்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாசித் திங்களில், நான் என் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். கூத்து முடிந்து இரண்டு நாட்கள் கழிந்திருந்தன. லயத்துத் தொங்கலுக்கு அப்பால், மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திலே, டப் டப் என்று ஓர் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஐந்தாறு சிறுவர் கூடியிருந்தனர். ஒருவன் பால்மாத் தகரமொன்றைக் கழுத்தில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தான். தரையிலே ஒரு குச்சி நட்டு, அதன் உச்சியில் சிறிது வைக்கோல் சுற்றியிருந்தது. ஒருவன் தன் தாயின் துண்டைச் சேலையாகச் சுற்றியிருந்தான். சிவனாக நின்றவன் நெற்றியிலே தேயிலைக் கொழுந்து ஒன்றை ஒட்டியிருந்தான். அது விழுந்து விழுந்து போயிற்று. தீப்பெட்டி கொண்டுவருவதாகச் சொன்ன பையன் இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் மன்மதன் எரியாமல் நின்றுகொண்டிருந்தான். இரதி அவனைப் பார்த்து, "ஓடிருடா, இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.